எல்லைப் பலகை வரை

ஹெர்கன்பாக் ஊரிலிருந்து மலையேறி வைஸன்ஸெல் ஊருக்கு இறங்கும் மாநிலச் சாலையில், உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு மாவட்ட எல்லைப் பலகை நிற்கிறது. குளிர்காலத்தில் அந்தப் பலகை வரை பனியை வாரி உப்புத் தூவுவது என் வேலை. அதற்கு அந்தப் பக்கம் கிலியானின் வேலை.

காகிதத்தில் அப்படி. சாலையில் வேறு மாதிரி.

பலகையிலிருந்து முந்நூறு மீட்டர் மேலே, உச்சியில், ஒரு வாகன நிறுத்தம் இருக்கிறது. பதினெட்டு டன் லாரியைச் சிரமமில்லாமல் திருப்ப அந்த மலையில் அது ஒன்றுதான் இடம். பலகையருகே திருப்ப வேண்டுமானால், மரம் வெட்டுகிறவர்கள் போகும் மண்பாதையில் பின்புறமாக இறக்கித் திருப்ப வேண்டும். சக்கரம் வழுக்கினால் பள்ளம்.

பதினோரு வருடங்களுக்கு முன், தான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கிலியான் உச்சியில் என் லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

“புர்க்கார்ட், எப்படியும் நீ திரும்புறதுக்கு உச்சி வரைக்கும் வரப்போறே. வர்ற வழியில உப்பைத் தூவிக்கிட்டே வந்தா கொறஞ்சா போயிடுவே? நான் இங்கேயே திரும்பிக்கறேன்.”

“அது உன் மாவட்டம்டா. இது என் மாவட்டத்து உப்பு.”

“யாரு வீட்டு உப்புன்னு பனி கேக்கவா போவுது? காபி நான் கொண்டு வரேன்.”

அந்தக் காபிக்கு ஒப்புக்கொண்டேன். எங்கேயும் எழுதவில்லை. இருவர் அலுவலகத்துக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கிலியானின் முந்நூறு மீட்டருக்கு நான் உப்புப் போட்டேன்.

காலை ஏழேகால் வாக்கில் இரண்டு லாரிகளும் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கிலியானின் குடுவையிலிருந்து காபி. சற்று நேரத்தில் வைஸன்ஸெல் பக்கமிருந்து ரோஸ்வித்தாவின் ரொட்டி வண்டி ஏறி வரும். மலையின் என் பக்க ஊர்களில் ரொட்டிக்கடைகள் மூடி வருடக்கணக்காகிவிட்டது. அவள் வண்டி மணி அடித்தால்தான் அங்கே காலைச் சாப்பாடு. எனக்குக் கசகசா தூவியது, கிலியானுக்குப் பூசணி விதை பதித்தது; இரண்டு காகிதப் பைகளிலும் பென்சிலால் பெயர் எழுதியிருப்பாள்.

“என்ன உப்பு மூட்டைங்களா, ரோட்டை விட்டுட்டு ஊர்க்கதையா?”

“உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம் ரோஸ்வித்தா” என்பான் கிலியான்.

“நல்லதா இருந்தா சத்தமா சொல்லு. புர்க்கார்ட், உன் தாடியில நேத்திக்குத் தின்ன கசகசா இன்னும் இருக்கு. குருவி கூடு கட்டப் போவுது, பாத்துக்கோ.”

போன வருட ஜனவரியில் ஒருநாள் உச்சியில் பனி குவிந்து கிடந்ததால் அந்த மண்பாதையில் திருப்பப் பார்த்தேன். லாரி பள்ளத்தில் சாய்ந்தது. இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. கிலியான் சங்கிலி போட்டு இழுத்துவிட்டான். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்” என்று அவனேதான் சொன்னான்.

இந்த வருட கார்னிவல் திங்கட்கிழமை, சாலையோர ஊர்கள் அத்தனையும் வைஸன்ஸெல் ஊர்வலத்துக்குத் திரண்டிருந்தன. ஊரில் யார் எதில் சறுக்கினாலும் அதை வண்டி கட்டிக் கேலி செய்யும் ஊர்வலம் அது. நானும் போனேன். நான்காவதாக வந்த வண்டியில் அட்டையில் செய்த பனிவாரும் லாரி ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதன் ஜன்னலில், என் தாடியோடு ஒரு பொம்மை. கீழே பெரிய எழுத்தில், ‘ஹெர்கன்பாக் குளிர்காலச் சேவை: பள்ளம் வரை பத்திரமாக.’ மிட்டாய்க்குப் பதில் உப்புப் பொட்டலங்களை எறிந்தார்கள். ஒன்று என் நெஞ்சில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற என் சக டிரைவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்த வண்டியைச் செய்த தீயணைப்புக் குழு ஆட்களோடு நின்ற கிலியானை இழுத்துக் கேட்டேன்.

“மூணாவது பீருக்கப்புறம் வாய் தவறிடுச்சுடா. சத்தியமா உன் பேரைச் சொல்லலை. தாடின்னு மட்டும்தான் சொன்னேன்.”

“இந்த ரோட்டுல தாடி வெச்ச டிரைவர் எத்தனை பேருடா இருக்கோம்?”

அவன் யோசித்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

மறுநாள் சாலை காய்ந்திருந்தது, வேலை இல்லை. அடுத்த நாள், கொண்டாட்டம் முடிந்து நோன்பு தொடங்கும் சாம்பல் புதன். விடியும்போது மூடுபனி, மைனஸ் நான்கு. இரவெல்லாம் நனைந்த தார் கண்ணாடி போல உறைந்திருந்தது. நான் உப்பைத் தூவிக்கொண்டே ஏறினேன். எல்லைப் பலகை மூடுபனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

அங்கே நிறுத்தினேன்.

தூவும் விசையை அணைத்தேன். மண்பாதையில் பின்னால் இறக்கி, நான்கு முறை முன்னும் பின்னும் நகர்த்தி, லாரியைத் திருப்பினேன். மேலே முந்நூறு மீட்டர் வெறுமனே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது வழுக்கிப் புகார் கொடுக்கட்டும், கிலியான் அவன் மேலாளர் முன்னால் கைகட்டி நிற்கட்டும், அவன் காதிலும் பத்துப்பேர் சிரிப்பு விழட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. கிலியானைக் கூப்பிட வயர்லெஸ் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எடுக்கவில்லை.

எட்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். உச்சிக்குக் கீழே விபத்து. ஆம்புலன்ஸ் ஏற முடியவில்லை. உடனே உப்புப் போட்டுக்கொண்டே மேலே போ.

அந்த முந்நூறு மீட்டருக்கு அன்று உப்புப் போட்டேன். என் லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நடை வேகத்தில் வந்தது.

வளைவில் ரொட்டி வண்டி ஊசியிலை மரத்தில் மோதி நசுங்கியிருந்தது. பனியெல்லாம் ரொட்டி. கிலியான் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ரோஸ்வித்தாவை முகத்தையும் சேர்த்து மூடிவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

“மூடுபனியில உன் வெளக்கு சுத்துறது தெரிஞ்சுது” என்றான், என்னைப் பார்க்காமல். “நீ மேல வரைக்கும் உப்புப் போட்டுட்டு, எனக்கு மூஞ்சி குடுக்காமத் திரும்பிப் போயிட்டேன்னு நெனச்சேன். அவகிட்டயும் அதைத்தான் சொன்னேன். ‘கோவமா அந்தத் தாடிக்கு? கீழ புடிச்சு மூஞ்சியிலயே எறியறேன்’னு உன் பையைப் பக்கத்து சீட்டுல வெச்சுக்கிட்டுக் கிளம்பினா.”

பை வண்டிக்குள்ளேயே இருந்தது. கிழியவில்லை. ‘புர்க்கார்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு குருவி வரைந்திருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டச் சுவரோரம் கிலியான் என்னை ஒதுக்கினான்.

“என் லாரியில உப்பு ஈரத்துல கட்டிதட்டி, தூவுற வாய் அடைச்சுக்கிச்சு, கடைசி முந்நூறு மீட்டர் உப்பு விழலைன்னு போலீஸ்ல சொல்லியிருக்கேன். பழைய லாரி. நம்பிட்டாங்க. நீ வாயைத் தொறக்காதே.”

“கிலியான், நான்தான்டா...”

“தொறக்காதேன்னேன்ல!”

மூன்று வாரம் திறக்கவில்லை. ரொட்டி மணி ஓய்ந்த ஊர்களில் எல்லோரும் அவனைப் பற்றியே பேசினார்கள். கறிக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சொன்னாள். “அந்தப் பக்கத்து ஆளுங்களே சோம்பேறிங்க. உங்களை மாதிரி ஒருத்தர் அங்கயும் ஓட்டியிருந்தா நம்ம ரோஸ்வித்தா உயிரோட இருந்திருப்பா.” கடைக்காரர் எனக்கு இரண்டு தொத்திறைச்சி கூடுதலாக வைத்தார். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆற்றில் எறிந்தேன்.

எனக்காகக் கிலியான் பொய் சொல்கிறான். அதைத் தின்று நான் உயிர் வாழ்கிறேன். அப்படித்தான் எனக்குப் பட்டது. நேரே காவல் நிலையம் போனேன்.

விசாரணை அதிகாரி திருமதி நோல் பொறுமையாகக் கேட்டாள். கார்னிவல், பொம்மை, மண்பாதை, எல்லாவற்றையும்.

“நீங்க எல்லைப் பலகை வரைக்கும் உப்புப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அப்போ உங்க வேலையை நீங்க சரியாத்தானே செஞ்சிருக்கீங்க?”

“இல்லைங்க. அதுக்கு மேலயும் நான்தான் போடுவேன். பதினோரு வருஷமா. அன்னிக்கு வேணும்னே போடலை. அவன்கிட்ட சொல்லவும் இல்லை. குத்தம் என்னோடது.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“பதினோரு வருஷமா நீங்க போட்டீங்கன்னா, பதினோரு வருஷமா அவர் போடலை.”

கோப்பைத் திருப்பினாள். எங்கே உப்பு விழுந்தது என்று தானாகப் பதியும் பெட்டி கிலியானின் பழைய லாரியில் கிடையாது. கையால் எழுதும் தாள்தான். ஒவ்வொரு நாளும் அவன் கையெழுத்தில் ஒரே வரி: ‘எல்லைப் பலகை வரை தூவப்பட்டது.’

“ஒருநாள் உப்பு அடைச்சுக்கிட்டா அது இயந்திரக் கோளாறு. எச்சரிச்சு விட்டிருப்பாங்க. இது அப்படி இல்லை. எல்லா நாளும் பொய்த் தாள். தன்னோட வேலையைத் தெரிஞ்சே விட்டிருக்கார், அதுல ஒரு உயிர் போயிருக்கு.”

நான் எழுந்துவிட்டேன். “நான் சொன்னதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போட வேண்டாம். உங்க லாரியிலதான் பெட்டி இருக்கே. அதுவே சொல்லிடும்.”

சொல்லிவிட்டது. விபத்துக்கென்று அலுவலகம் அனுப்பிய நடையை விட்டால், அந்தக் குளிர்காலத்தில் நாற்பத்தோரு நடை. நாற்பதில் உப்பு வாகன நிறுத்தம் வரை. ஒன்றில் பலகை வரை.

கிலியான் வீட்டு மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றான்.

“எனக்காக நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன்டா” என்றேன்.

“உனக்காகவா? எனக்காகடா! மடையா, என் பொழப்புக்காகச் சொன்னேன். கூடவே நீயும் தப்பிச்சுக்கட்டும்னு விட்டேன். நீ போயி உன் மனசைக் கழுவிட்டு, அழுக்குத் தண்ணியை என் தலையில கொட்டிட்டே.”

“கிலியான்...”

“அவளை நீ சாகடிச்சே. இப்ப என்னையும். போ. உன் பலகைக்கு அந்தப் பக்கம் போ.”

கதவு சாத்திக்கொண்டது.

இலையுதிர்காலத்தில் தீர்ப்பு வந்தது. கிலியானுக்கு ஒரு வருடத் தண்டனை. ஆனால் சிறை இல்லை, நன்னடத்தையில் விட்டார்கள். வேலை போயிற்று. வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ வடக்கே போய்விட்டான். அவன் இடத்தில் வந்த புது டிரைவர் எல்லைப் பலகை வரை இறங்கி வந்து, முறைப்படி உப்புப் போடுகிறான். அவன் எனக்குக் கையசைப்பதில்லை. நானும் அசைப்பதில்லை.

என் மீது வழக்கு இல்லை. ஆனால் முதல் பனி விழுந்த வாரம், மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு உறையை நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதே புர்க்கார்ட். மேலிடத்துல இருந்து வந்தது. நான் குடுத்துத்தான் ஆகணும்.”

எழுத்து மூலமான எச்சரிக்கை. மாவட்டத்துக்குச் சொந்தமான உப்பை, அனுமதியில்லாமல், தொடர்ந்து எல்லைக்கு அப்பால் தூவியதற்காக. இனி நடந்தால் வேலை பறிபோகும். குற்றம் நடந்த நாட்கள் கீழே வரிசையாக இருந்தன.

மேலாளர் முன்னாலேயே விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். நாற்பது தேதிகள். சாம்பல் புதன் அதில் இல்லை.