சத்தம் நின்றால்

அந்த சென்சாருக்கு பேட்டரி கிடையாது. அரிசிமணி அளவில் தோலுக்கடியில் உட்கார்ந்து, உடம்பிலுள்ள சர்க்கரையையே தின்று மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அந்த மின்சாரத்திலேயே சர்க்கரை அளவையும் கைபேசிக்குச் சொல்லும். அளவு இறங்கினால் எச்சரிக்கையும் அனுப்பும். அதைச் செய்தவன் கணவன். கைபேசி புரோகிராமை எழுதியவள் மனைவி. ஒரே ஆய்வகத்தில் எதிரெதிர் மேசை. அவன் நீரிழிவுக்காரன் என்பதால் சோதனைக்குத் தன் கையையே கொடுத்திருந்தான்.

அன்று மதியம் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டவன், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிட்டான். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கைபேசித் திரையில் சர்க்கரை அளவைக் காட்டி ஓடிக்கொண்டிருந்த கோடு பாதியில் அறுந்தது.

"உன் புரோகிராம்தான் சொதப்புது. என் சென்சார் மேல தப்பே இல்ல," என்று கத்த ஆரம்பித்தான். அவள் தலை நிமிரவில்லை. அவளுடைய படிப்பு, அவளுடைய அண்ணன், அவள் வாங்கிவைத்த மேசை விளக்கு என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தவன், விளக்குக்கு வந்ததும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டான். நெற்றி வேர்த்திருந்தது.

அவள் சட்டென்று எழுந்து, ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து அவனைக் குடிக்க வைத்தாள். சிறிது நேரத்தில் கோடு மறுபடி ஓடியது.

"சர்க்கரை இறங்கினா சென்சாருக்கே தீனி இல்ல. அப்புறம் எங்கேர்ந்து எச்சரிக்கை அனுப்பும்?" என்றாள். "அது பேச்சை நிறுத்தினா போன் அலறணும். அப்படி மாத்திடறேன்."

"இது எப்படித் தோணுச்சு உனக்கு?"

"நீங்க கத்துற வரைக்கும் நான் என் வேலையப் பார்ப்பேன். கத்தல் நின்னாதான் ஜூஸ் எடுப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."