கனமில்லாத கோடாரி

1

இந்தக் கதை என்னுடைய ஒரு பொய்யில் தொடங்கியது. "கனத்த போர்க்கோடாரியை அவன் இரு கைகளாலும் திணறித் தூக்கி—" என்று முதல் வரி எழுதிவிட்டு, எதற்கும் நிஜத்தை ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று அருங்காட்சியகம் போனேன். அன்றே அந்த வீரனைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். இனி இது துரு அக்காவின் கதை.

2

துரு அக்கா அங்கே பழைய இரும்பைப் பதப்படுத்துகிறவள். நாளெல்லாம் துரு சுரண்டுவதால் அந்தப் பெயர். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் மேசைக்கு ஒரு கோடாரியைப் பதினோரு வருடம் முன் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். "தச்சுவேலைக் கோடாரி" என்று சீட்டு எழுதியதும் அவளே. அலகின் அகலத்தை அளந்தாள். தடிமனை அளக்கவில்லை. துரு அப்பியிருந்தது, அதன் மேலேயே மெழுகு பூசிவிட்டாள்.

இப்போது காம்பு விரிசல் விட்டுப் பழுதுக்கு வந்திருந்தது. சுரண்டச் சுரண்ட, அலகு அடுக்களைக் கத்தி அளவுக்கு மெலிந்தது. தராசில் வைத்தாள். அரைக் கிலோவுக்குச் சற்றே மேல். காப்பாட்சியரிடம் ஓடினாள்.

"சார், தப்புப் பண்ணிட்டேன். இது மரம் வெட்டுறதில்ல. மரத்துல போட்டா அலகு பேந்துரும். ஆளு மேல போடுறதுக்குன்னே அடிச்சிருக்காங்க."

"இத்தனூண்டையா?"

"மரம் நின்ன இடத்துல நிக்கும் சார். ஆளு ஓடுவான்ல? கைக்கு லேசா இருந்தாத்தான் துரத்தித் துரத்தி வீச முடியும்."

[அலகின் கீழ்முனை பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது: அது கொக்கிபோல் இறங்கி எதிரியின் கேடயத்தை இழுக்கும், பிறகு திறந்த கழுத்தில்— வேண்டாம்.]

3

"சீட்டை மாத்திட்டாப் போச்சு. இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றார் காப்பாட்சியர்.

அவள் வாசலைக் காட்டினாள். அங்கே ஆளுயரப் படம், பதினோரு வருடம் முன் அவளே எடுத்தது. அவளுடைய ஆறு வயது மகள் அந்தக் கோடாரியை ஒரே கையால் ஓங்கி நிற்கிறாள். முன்னால் நாலு வயதுத் தம்பி குனிந்திருக்கிறான். இருவருக்கும் சிரிப்பு.

"தச்சுக் கோடாரின்னா அவளால ஒத்தக் கையில அசைக்க முடியுமா சார்? தினமும் இதைத் தாண்டித்தானே உள்ள வர்றேன்!"

பக்கத்தில் நின்ற நானும் படத்தைப் பார்த்தேன்.

4

முடிவு ஒன்று: படத்தைக் கழற்றுகிறாள். முடிவு இரண்டு: மகள் வந்து, "அம்மா, நான் எதைப் பிடிச்சிக்கிட்டு—" இதை எழுத எனக்குத் தைரியமில்லை.

நடந்தது வேறு. வாசல் படத்தின் கீழே ஒட்டப் புதுச் சீட்டு ஒன்றை என்னிடமே நீட்டினாள். "எழுதுறவர் நீங்கதானே? நீங்களே எழுதுங்க."

எழுதும் முன் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். "இருவருக்கும் சிரிப்பு" என்று மேலே எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். தம்பி சிரிக்கவில்லை.

சீட்டு இன்னும் காலி. என்னால் ஆகவில்லை, நீங்கள் எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு இப்போது பதினைந்து வயது. அம்மாவைக் கூட்டிப்போக ஐந்து மணிக்கு வருவான். வாசலில் நின்று அந்தச் சீட்டைப் படிப்பான்.