முறைக்காரனுக்கு ஒரு தட்டு வெற்றிலை

என் கண்ணுக்கு என்ன கேடு வந்ததோ, பொழுது மசங்கினால் தூத்துக்குடி ஹார்பரில் நான் ஓட்டும் கிரேனின் கொக்கியே எனக்குத் தெரியாமல் போனது. என்னைக் குடோனில் மூட்டைக்குப் பகல் காவல் வைத்துவிட்டார்கள். கிரேன் ஓட்டியவனுக்கு வந்த கதியைப் பாருங்கள். கண் டாக்டரம்மா என் ரத்தத்தில் ஒரு சொட்டை நகமளவு கண்ணாடிச் சில்லில் விட்டு, அதற்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். திரும்பி வந்த வெளிச்சம் மாறியிருந்ததை வைத்தே, இது பரம்பரை நோய், அப்பா வழியில் ஒன்றும் அம்மா வழியில் ஒன்றுமாகப் பழுது வந்து சேர்ந்திருக்கிறது என்றார். கட்டப்போகிறவள் யார் என்று கேட்டார். மாமா மகள் என்றேன். அவளையும் கூட்டி வரச் சொன்னார்.

பேச்சிச்செல்வி சிரித்துக்கொண்டேதான் விரலை நீட்டினாள். அவளிடமும் ஒரு பழுது இருந்தது. அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. சொந்தத்தை விட்டு அசலில் கட்டினால் பிள்ளைகளுக்கும் பயமில்லை. என்னைக் கட்டினால் பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்குப் பாதி பார்வை போகும்.

"பிள்ளையே வேண்டாம் அத்தான். நீங்க போதும்," என்றாள் ஆஸ்பத்திரி வாசலில்.

"இன்னைக்குச் சொல்லுவ. நாளைக்கு ஊரான் பிள்ளையைப் பாத்து ஏங்குவ. போளா," என்றேன். எரிந்து விழுந்தால்தான் எனக்குப் பேச்சே வரும்.

விஷயம் வெளியே தெரிந்தால் அவளை யாரும் கேட்டு வர மாட்டார்கள். அதனால் மாமாவிடம், அவளைப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். வாடகை அறையில் பொங்கித் தனியாகத் தின்று, செல்போன் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

ஏரல் பக்கம் அவளுக்கு அசலில் மாப்பிள்ளை அமைந்தது. முறைப்பையன் இருக்கும்போது பெண்ணை அசலில் கொடுத்தால், அவன் வெற்றிலைத் தட்டைக் கைநீட்டி வாங்கிச் சம்மதம் தர வேண்டும். அவள் அப்பா லிங்கராஜ் மாமா விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டோடு என் அறைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிருந்தது. வாசல் வழி வந்த மசங்கல் வெளிச்சம் அவருக்குப் போதும்; எனக்கு எல்லாம் ஒரே இருட்டு.

"எடுத்துக்கிடும் மருமவனே."

கையை நீட்டினேன். தட்டு அங்கே இல்லை. துழாவ வெட்கமாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமா என்னை ஒட்டி வந்து உட்கார்ந்தார். "நீட்டுன கையை மடக்கிட்டீரே. அப்போ மனசுல அவதான் இருக்கா. ஏன்யா இத்தனை நாளு மறைச்சீரு? ஒரு வார்த்தை சொல்லும், வேண்டாம்னு ஏரலுக்கு இப்பமே ஆள் அனுப்பிருதேன்."

ஆமாம் என்றால் போதும். எனக்கு அவள் வேண்டும். இந்த அறையில் இன்னொரு மனுஷக் குரல் வேண்டும். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"மாமா," என்றேன், "தட்டு எங்கன இருக்கு?"

"உம்ம முன்னாலதானேய்யா..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார்; காற்றுதான் பட்டது. பிறகு என் கையைப் பிடித்து, வெற்றிலையின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

நான் எடுத்துக்கொண்டேன்.