சங்குப்பூ நீலத்தில் ஒரு கேக்

ஸ்கேன் எடுத்த பெண் ஒரு கேள்வி கேட்டதும் ஸ்வர்ணா பதறிப் போனாள். பையனா பொண்ணா, தெரிந்துகொள்ள ஆசையா என்றுதான் கேட்டாள் அந்தப் பெண், டீயா காப்பியா என்பதுபோல.

"அய்யய்யோ, அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க அண்ணி. குத்தம்!" என்று ஸ்வர்ணா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொள்ளாச்சிப் பெண். அங்கே ஸ்கேன் எடுக்கும் இடத்தில் எல்லாம் அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று போர்டு மாட்டியிருக்கும். நான் மலேசியா, ஈப்போக்காரி. "இது ஆக்லாந்து லா. யாரும் உன்னைப் பிடிச்சு உள்ள வைக்க மாட்டாங்க," என்றேன்.

ஸ்வர்ணா என் தம்பி நரேந்திரனின் மனைவி. இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டு முறையும் ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சந்தோஷமாகப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு அதே போனில் அழுதுகொண்டே மற்றதையும் சொன்னாள். அதனால் இந்த முறை வாயே திறக்கவில்லை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும், வீடியோ காலில் அம்மாவுக்குக் கழுத்துக்கு மேலேதான் காட்டுவாள். கேட்டால், "தங்கட்டுங்க அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்," என்பாள்.

"பெத்த அம்மாவுக்கே தெரியாம ஒரு பிள்ளையா க்கா?" என்று நரேன் என்னிடம் வந்து புலம்பினான். கேக் அவன் யோசனைதான். எல்லாரும் கூடியிருக்கும்போது வெட்ட வேண்டும். உள்ளே நீலம் இருந்தால் பையன், ரோஸ் இருந்தால் பொண்ணு. அவன் வேலை செய்யும் எல்லர்ஸ்லி ஆபிசில் யாரோ செய்தார்களாம். கண்ணால் பார்த்துவிட்டால் ஸ்வர்ணா நம்பிவிடுவாள், அம்மாவைக் கூப்பிட்டுவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். கேக் செய்பவள் நான் என்பதால் விஷயம் எனக்கு மட்டும் தெரிய வேண்டும்.

ஸ்வர்ணா அரைமனதோடு தலையாட்டியதும், அவளையும் கூட நின்ற நரேனையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் என்னமோ பெரிய தைரியசாலி மாதிரிதான் நின்றேன். முதலில் மங்கலாக ஏதோ ஆடியது. பிறகு முதுகெலும்பு தெரிந்தது, பூத்தொடுத்தது போல ஒன்றையடுத்து ஒன்றாக. ஒரு கை எழும்பி முகத்தைத் தடவிவிட்டு இறங்கியது. அடேயப்பா! அந்தக் கைக்குச் சொந்தக்காரரை நாங்கள் யாரும் இன்னும் பார்த்ததில்லை, அதற்குள் அது முகத்தைச் சொறிந்துகொள்கிறது. நான் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி என் காதில் ஒரு சொல் சொன்னாள். பையன்.

உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹென்டர்சனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு காரோட்டினேன்.

நீலம் பையனுக்கு, ரோஸ் பொண்ணுக்கு என்று எவன் எழுதி வைத்தான் என்று எனக்கு எரிச்சல்தான். எங்கள் கண்ணன் நீலம், சரி. மீனாட்சி பச்சையாயிற்றே, அவளை எந்தக் கேக்கில் வைப்பான்? போகட்டும். எது என்று தெரியாத நரேன் இரண்டு குட்டி பாட்டிலில் நீலச் சாயமும் ரோஸ் சாயமும் வாங்கி வந்து நீட்டினான். "பிள்ளைத்தாச்சிக்குப் பெயிண்ட் கொடுக்கிறியா? எடுத்துட்டுப் போ," என்று விரட்டிவிட்டேன். என்னிடம் காய்ந்த சங்குப்பூ இருந்தது. எங்கள் ஊரில் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் அதுதான்.

சூடான பாலில் பூவைப் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு பூவின் ஓரத்திலிருந்தும் நீலம் கசிந்தது, கலந்தது, பால் முழுதும் விடியற்கால வானமாகிவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் நான் அடுப்படியில் வாய் பிளந்து நிற்பேன். மஞ்சள் கரு சேர்ந்தால் பச்சையடிக்கும் என்று வெள்ளைக் கருவை மட்டும் நுரைக்க அடித்து, அந்தப் பாலை ஊற்றி வேகவைத்தேன். நடு அடுக்கு நல்ல நீலம். மேலும் கீழும் வெள்ளை. எனக்கே என்மேல் ஒரே பெருமை.

பெருமை வந்தால் புத்தி வெளியே போய்விடும் என்பது சரிதான். ஸ்வர்ணாவுக்கு மசக்கை தொடங்கியதிலிருந்து புளிப்பு ஒன்றுதான் வாய்க்குப் பிடிக்கிறது. பாவம், ஆசையாகச் சாப்பிடட்டுமே என்று எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, மூன்று அடுக்கிலும் தாராளமாகத் தடவினேன். மேலே வெள்ளைக் கிரீமைப் பூசி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீடு நிறைய ஆள். நரேன் போனில் படம் பிடிக்க, ஸ்வர்ணா கத்தியை வைத்து அழுத்தினாள். துண்டு வெளியே வந்தது.

ஓரமெல்லாம் ரோஸ். நடுவில் திட்டாக நீலம். இரண்டுக்கும் இடையே கத்திரிப்பூ நிறம்.

"கேர்ள்!" என்று ஒரு குழந்தை கத்தியது. "பாய்!" என்றது இன்னொன்று. பக்கத்து வீட்டு ஏரம்பமூர்த்தி அண்ணர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், ரெண்டும் தெரியுது. இரட்டைப் பிள்ளையோ?" என்றார். ஒரே சிரிப்பு.

ஸ்வர்ணா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க அண்ணி, ஸ்கேன்ல என்னமோ கோளாறுன்னு சொன்னாங்களா? மறைக்கிறீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈப்போவில் பிறந்துவிட்டு, சங்குப்பூவில் எலுமிச்சை பட்டால் நிறம் மாறும் என்பதை மறந்த மடச்சி நான். சின்ன வயதில் அந்த ஜூஸைக் குடித்துத்தானே வளர்ந்தேன்! அவளை நம்ப வைக்கச் செய்த கேக்கை வைத்தே வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டேன். வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாள். அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, நாலு பூவைப் போட்டேன். நீலம் இறங்கியது. அவள் கையில் அரை எலுமிச்சையைக் கொடுத்தேன். "பிழி."

பிழிந்தாள். சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் கலைந்து, ஊதாவாகி, கண்ணெதிரே ரோஸாகப் பூத்தது. ஸ்வர்ணா குனிந்து பார்த்தாள்.

"பூ ஒண்ணுதான் லா. என் புத்திதான் கெட்டுப்போச்சு," என்றேன். "பையன் நல்லா இருக்கான். முகத்தைச் சொறிஞ்சுக்கிட்டான், நானே பார்த்தேன். ஒரு கோளாறும் இல்ல, என் தாய் மேல சத்தியம்."

"பையனுங்களா?"

"பையன்."

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்தாள். ஊரில் காலை நேரம். அம்மா எடுத்ததும் ஸ்வர்ணா போனைக் கழுத்திலிருந்து மெல்லக் கீழே இறக்கி வயிற்றைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். நான் பயந்தே போனேன். ஆணா பெண்ணா என்று அந்த அம்மா கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை.

"அசைவு தெரியுதா கண்ணு?"

"தெரியுதும்மா," என்றாள் ஸ்வர்ணா. குரல் உடைந்தது. "போன வாரத்துல இருந்தே தெரியுது. படுத்தா உள்ள மீன் துள்ளுற மாதிரி. அவருகிட்டக்கூட சொல்லலம்மா. சொன்னா நின்னுபோயிருமோன்னு பயம்."

அவள் விட்டுப்போன கத்தியோடு அடுப்படி வாசலில் வந்து நின்ற நரேன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். ரகசியத்தைச் சுமப்பவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் பெருமையடித்துக்கொண்டிருந்தேனே! என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதும், காரில் வந்தபோதும், அவளுக்குள் ஓர் உயிர் துள்ளியிருக்கிறது; அதை மூச்சுக்காட்டாமல் தன்னந்தனியாகக் காவல் காத்திருக்கிறாள் இந்தப் பெண். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"சொன்னா நிக்காது சாமி," என்றது போன். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

ஸ்வர்ணா தரையில் உட்கார்ந்து, முதல் மாதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.