லாரியை நிறுத்திய கல்வாழை

1

எங்கள் வீட்டுக் கல்வாழை ஒரு லாரியை நிறுத்தியது.

மணல் ஏற்றிய லாரி. இறக்கத்தில் வந்துகொண்டிருந்த லாரி. பூவைப் பார்த்த மாத்திரத்தில் பிரேக் போட்டு, பின்சக்கரம் புகைய, எங்கள் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர் முன்னால் நிற்பதைப் போலப் பூவின் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது.

இந்தக் கதையை இப்படித்தான் தொடங்க நினைத்தேன், தொடங்கியும் விட்டேன். சூட்டோடு சூடாக என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காதுல பூ சுத்தறதுன்னா சின்னப் பூவா பாத்து சுத்துங்க. கல்வாழையை என் காது தாங்காது."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுத்தவன். வேலைக்காலம் முழுக்க மூடியைத் திறந்து, குனிந்து, முள் காட்டியதை உள்ளபடி எழுதினேன். கூட எழுதினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், குறைத்து எழுதினால் அதிகாரி வருவார். உள்ளதை உள்ளபடி எழுதியே முதுகு வளைந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். யாருக்கும் பில் போகாத பொய்கள். அதில் எனக்கு இருக்கிற ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

அன்றிலிருந்து என் மனைவி நான் சொல்வதையெல்லாம் பத்தால் வகுத்துக்கொள்கிறாள். லாரி என்றால் சைக்கிள். மழை என்றால் தூறல். நெஞ்சுவலி என்றால் ஏப்பம். கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். எப்போதாவது நான் ஓர் உண்மையைச் சொல்லும்போதுதான் சிக்கல். அதையும் வகுத்துவிடுகிறாள். இந்தக் கதை எழுத வந்ததே அதனால்தான்.

2

வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன்.

"தீச்சுடர் போன்ற அந்தச் சிவப்பு மலர்…" (நிறுத்திவிட்டேன். தீச்சுடர் போல இல்லாத சிவப்புப் பூவை யாராவது எழுதியிருக்கிறார்களா?)

"மண்ணுக்குள் கிழங்கு மெல்லக் கண் திறந்த அந்த…" (இதையும் நிறுத்திவிட்டேன். கண்ணைப் பற்றி இப்போதே பேச்செடுத்தால் அடுத்த அறையிலிருந்து ஒரு பாத்திரம் பறந்து வரும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நான் பம்பு அறைக்குப் பின்னால் போய் ஒரு கல்வாழைக் கிழங்கைப் பெயர்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தேன். கடிகாரம் நின்றுவிட்டது. கிழங்கு நிற்கவில்லை. துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி அறுத்து, துணி துவைக்கிற தண்ணீர் போகும் வழியில் படுக்கவைத்துப் புதைத்தேன். அதற்கு வேண்டியது வெயிலும், கால் நனையத் தண்ணீரும்தான். ஒன்றே ஒன்று: பூத்து முடிந்த தண்டைத் தயவு பார்க்காமல் அடியோடு அறுத்துவிட வேண்டும். பழையது இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் புதியது வர யோசிக்கும். அலுவலகத்தில் இதை எங்களுக்கு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

இலை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கலாம்.*

(* ஒரு பூனை ஒதுங்கியது. குட்டிப் பூனை.)

முதல் பூ விரிந்த அன்று மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அப்படி ஒரு சிவப்பு. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, மீட்டர் எடுக்கிற விரதத்தோடு சொல்கிறேன். அவள் குனிந்து பார்த்தாள். நகர்ந்து நின்று பார்த்தாள்.

"துரு நிறம்" என்றாள். "பழைய குழாய் மாதிரி இருக்கு. உங்க ஆபீஸ் செடிதானே."

3

இந்த இடத்தில் வாசகரிடம் ஒரு சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும். மனைவி என்கிற இந்தப் பாத்திரத்தை நான் சரியாக எழுதவில்லையோ என்று தோன்றுகிறது. கேலி பேசுகிறாள், நார் உரிக்கிறாள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அவள் யாரென்று சொன்னால் இந்தத் "துரு நிறம்" ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்பது புரியும்.

அவள் சாய ஆலையில் நிறம் பார்த்தவள். தொட்டியிலிருந்து வருகிற துணியை மாதிரித் துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அவள் தலையசைத்தால் துணி வண்டி ஏறும். உதட்டைப் பிதுக்கினால் தொட்டிக்கே திரும்பும். ஆலையில் அவள் உதட்டுக்கு முதலாளி கையெழுத்தைவிட மதிப்பு அதிகம். (இதைப் பத்தால் வகுக்க வேண்டாம். இரண்டால் போதும்.)

அப்படிப்பட்டவள் கொஞ்ச காலமாக என் வெள்ளைச் சட்டைகளை மஞ்சளடித்துவிட்டது என்று மறுபடி மறுபடி ஊறவைக்கிறாள். சட்டைகள் வலைபோல ஆகிவிட்டன. பல்பு மங்கல் என்கிறாள். வீட்டில் எல்லா அறையிலும் பல்பு மாற்றிவிட்டேன். ஏணியில் ஏறி இறங்கி என் முழங்கால்தான் மங்கிப்போனது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, சின்ன அறுவை சிகிச்சை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. உலகத்துல சாயம் மட்டமாயிடுச்சு."

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கத்தியைக் கண்டு பயப்படுகிறவள் அல்ல அவள்.

ஆலையில் சாயக்காரர் ஒருவர் இருந்தார். அவளைவிட இளையவர், அக்கா அக்கா என்று சுற்றிவருவார். அவள் வேலையில் இருந்த கடைசி வருடம் ஒரு சிவப்பு போட்டு அனுப்பினார். மண் கலந்த மாதிரி இருக்கிறது என்று இவள் திருப்பினாள். மறுபடி போட்டார். மறுபடியும் திருப்பினாள். சாய ஆலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நிறத்தில் தகராறு வந்தால் மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டும். தகராறே தெரியாத யாராவது, காவலாளியோ வண்டிக்காரரோ. அவர் பார்த்துச் சொன்னால் முடிந்தது. சாயக்காரர், "அக்கா, மூணாவது ஆளைக் கூப்பிட்டுடுவோம்" என்றார். இவள், "என் கண்ணுக்கு மேல எவன் கண்ணு?" என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர்தான். தூரத்தில் வேறு ஆலையில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

யாராவது கேட்டால் காட்டலாம் என்று அந்தத் துணியில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரும் கேட்கவில்லை. அது எங்கள் தையல் மெஷினுக்கு உறையாகக் கிடக்கிறது. எனக்கு அது நல்ல சிவப்பாகத்தான் தெரிகிறது. நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

புரை எடுத்து நன்றாகத் தெரிய ஆரம்பித்தால் அந்த உறையின் உண்மை நிறமும் தெரிந்துவிடும். அதற்குத்தான் அவளுக்குப் பயம்.

(இந்தப் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். வழக்கம்போல வகுத்துக்கொண்டு, "கொட்டாவியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.)

4

இனி லாரி.

எங்கள் தெருவைக் குழாய் பதிக்கப் பாதியளவு தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டியது என் பழைய அலுவலகம்தான், அதனால் எப்போது மூடுவார்கள் என்று கேட்காதீர்கள். மீதிப் பாதியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். இரண்டு முனையிலும் ஆள்கள் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் முனையில் நின்ற கொடிக்காரரின் சிவப்புக் கொடி தார் டின்னுக்குள் விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தார், துக்கத்துக்குப் பிடிக்கிற கொடிபோல இருந்தது. எங்கள் கேட்டருகே வந்தார்.

"ஐயா, சிவப்பா ஏதாச்சும் துணி கிடைக்குமா? அந்தப் பக்கத்துல வண்டியை விட்டுட்டான். இந்தப் பக்கம் நான் எதைக் காட்டி நிறுத்தறது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக உள்ளே தையல் மெஷின் இருந்த பக்கம் ஒரு கணம் பார்த்தாள்.

"சிவப்புத் துணி எங்க வீட்டுல இல்லை" என்றாள்.

கொடிக்காரர் கண் தோட்டத்துக்குப் போனது. "அப்போ அந்தப் பூவையாச்சும் குடுங்கம்மா."

"அதையா? துரு நிறத்துல இருக்கு. அதுக்கு எவன் நிப்பான்?"

அவர் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அரிவாளை எடுத்து, பூத்துக் குலுங்கிய தண்டை அடியோடு அறுத்துக் கொடுத்தேன். ஆள் உயரம். (சரி, தோள் உயரம்.) அவர் தெரு நடுவில் போய் அதைத் தூக்கிப் பிடித்தார். ஒரு லாரி வந்தது.

நின்றது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி கேட்டைத் திறந்துகொண்டு, கையில் இருந்த முறத்தோடு, நேரே லாரியிடம் போனாள்.

"தம்பி, எதைப் பாத்து வண்டியை நிறுத்தினீங்க?"

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "சிவப்பு காட்டினாரேம்மா."

"கொடி இல்லையே, அது பூவாச்சே."

"கொடியோ பூவோ யாரு பாத்தா? தூரத்துலயே சிவப்பு தெரிஞ்சுது, நிறுத்திட்டேன். ஏம்மா, நிறுத்தக் கூடாதா?"

தகராறே தெரியாத ஆள். மூன்றாவது ஆள். அவள் வழிவிட்டு நின்றாள். பிறகு லாரி போனது, அவள் உள்ளே வந்தாள்.

இதை எழுதிய அன்று சாயங்காலம் படித்துக் காட்டியபோது, "பள்ளத்தைப் பாத்து நின்னிருப்பான்" என்றாள்.

"அந்த ஆள் வாயாலேயே சொன்னாரே."

"டிரைவருங்களும் உங்க ஜாதிதான். உக்காந்த இடத்துலேருந்து கதை விடறவங்க."

குரலில் சுரத்தில்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லாதவள் மாதிரி இருந்தாள். எனக்கும் இல்லை.

5

கதை இங்கே நின்றுவிட்டது. நானும் முடிவுகளைத் தேடி அலைந்தேன்.

முதல் முடிவு: மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், கட்டுப் பிரித்ததும் பூவைப் பார்த்துக் கண்ணீர்… (வேண்டாம். கட்டுப் பிரித்த கண்ணில் கண்ணீர் விட்டால் டாக்டர் திட்டுவார்.)

இரண்டாவது முடிவு: அவள் போகவே இல்லை. நான் பல்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் சட்டைகளை ஊறவைத்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுத ஒரு கஷ்டமும் இல்லை, நாங்கள் அதற்குள்தான் குடியிருந்தோம். காலையில் எழுந்ததும் அலுப்பாக இருக்கும், படுக்கப் போகும்போதும் அதே அலுப்பு காத்திருக்கும்.

மூன்றாவது முடிவு: நான் திருந்திவிடுகிறேன். இனி உண்மை மட்டும். அப்போதாவது நம்புவாள் என்று முயன்றும் பார்த்தேன். "வெளியே லேசான தூறல்" என்றேன். தூறல்தான். அவள் வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே" என்றாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். கூட்டிச் சொல்கிறவன் கையில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு களைப்பாக இருக்கிறது தெரியுமா? தோட்டத்துக்குப் போய் அறுத்த தண்டின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புதுக் குருத்து சுருண்டு கிளம்பியிருந்தது.

பின்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கண் டாக்டர் என்னிக்கெல்லாம் இருப்பாருன்னு சொன்னீங்க?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன்.

6

அறுவை சிகிச்சை சீக்கிரமே முடிந்தது. (பக்கத்து வீட்டாரிடம் அது பொழுதுக்கும் நடந்தது என்றும், டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்டால் காட்டிக்கொடுக்காதீர்கள்.) இப்போதைக்கு ஒரு கண்ணில்தான். கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக நாள்கள் போயின. என் சட்டைகளுக்கு விடுதலை கிடைத்தது.

புதுத் தண்டில் பூ விரிந்தபோது நான் கூப்பிடவில்லை. அவளே வந்தாள். கையில் தையல் மெஷின் உறை.

வெயிலில் நின்று பார்க்கவில்லை. பூந்தண்டை நிழல்பக்கமாக வளைத்து, துணியை அதன் பக்கத்தில் பிடித்தாள். ஆலையில் பார்ப்பது அப்படித்தான். சிகிச்சை செய்த கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தாள். பிறகு அதைப் பொத்திக்கொண்டு இந்தக் கண்ணால் பார்த்தாள். திரும்பத் திரும்ப. என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. துணியை நாலாக மடித்தாள். மடிப்பை விரலால் நீவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

உள்ளே போய் பழைய ஆலைக்காரர்கள் யார் யாரிடமோ பேசி ஒரு போன் நம்பர் வாங்கினாள். அந்த நம்பருக்குப் போட்டாள்.

"தம்பி, அக்கா பேசறேன்" என்றது காதில் விழுந்தது.

அதற்குமேல் கேட்கக் கூடாது என்று குழாயை முழுக்கத் திறந்து செடிக்குத் தண்ணீர் விட்டேன். ஆகவே அவள் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார், சொல்லத்தான் செய்தாரா, போனை வைத்துவிட்டாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. அதைக் கூட்டிச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி யாருக்காவது போட வேண்டிய போன் ஒன்று இருக்கும், வசனம் வந்துவிடும்.

தண்ணீர் வரப்பு தாண்டித் தெருவுக்குப் போன பிறகுதான் குழாயை மூடினேன். உள்ளே போனால் அவள் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. சொட்டு மருந்தால் என்று வைத்துக்கொள்வோம்.

"இனிமே எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம். நானே படிச்சுக்கறேன். பேனாவைக் குடுங்க."

மூன்றாவது பகுதியையும் படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"மணலா? காலி வண்டி." அடித்தாள். "இறக்கமா? நம்ம தெருவுல ஏது இறக்கம்?" அடித்தாள். "அந்தப் புள்ள தலையில துண்டே இல்லை. வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. ஊரே நின்னுச்சாம், பின்னால ஒரு நாய் வந்துச்சு."

பத்தி முழுக்கக் கோடு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் வரிக்கு வந்தபோது பேனாவை மூடிவிட்டாள்.

"அதை விட்டுட்டியே" என்றேன்.

காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அது நடந்துச்சுல்ல" என்றாள். "லாரி நின்னுச்சு."