தாம்பாளத்தில் வந்த சக்கரங்கள்

சிங்காநல்லூரில் நான் கட்டிய புது வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை வைத்த அன்று, என் மனைவி கலாமணியின் அண்ணன் நஞ்சுண்டன் பல்லடத்திலிருந்து சீர் கொண்டுவந்தார். தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கூடப் பிறந்தவன் தட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். பழம், புடவை, வெள்ளி விளக்கு என்று வரும் என்றுதான் வாசலில் நின்றிருந்தேன். வந்தவை ஐந்து அலாய் வீல்கள். ஓடுவதற்கு நாலு, ஸ்டெப்னிக்கு ஒன்று. டயரோடு சேர்த்துத் தாம்பாளத்தில் ஏற்றி, தட்டுக்கு இரண்டு பெண்கள் வீதம் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்டெப்னிக்கு மல்லிகைச் சரம் வேறு.

என்னிடம் இருப்பது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாருதி 800, அரக்குச் சிவப்பு. அதன் சக்கரங்கள் துருப்பிடித்துக் கிடந்ததை மச்சான் எப்போதோ பார்த்து மனதில் வைத்திருக்கிறார். என்ன அளவு என்று கேட்டாரா என்றால், இல்லை. சீர் செய்கிறவர் கேட்கக் கூடாது, வாங்குகிறவர் சொல்லக் கூடாது. அப்படியே கேட்டிருந்தாலும் "அதெல்லாம் எதுக்குங்க மச்சான்" என்பதைத் தவிர வேறு பதில் எனக்கு வந்திருக்காது.

"பன்னண்டு இஞ்ச், நாலு ஓட்டை. போன தடவை வந்தப்பவே எண்ணிப்போட்டேனுங்க மாப்ள," என்றார் பெருமையாக.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஒரு நூல் பிசகினாலும் வேலையாட்களைத் திட்டித் தீர்க்கிறவன். அப்படிப்பட்ட நான், ஒரு அளவும் எடுக்காமல், "ரொம்பச் சந்தோசமுங்க மச்சான்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வண்டியை மெக்கானிக் அப்துல் வஹீதிடம் கொண்டுபோனேன். இருபது வருஷமாக என் காரைப் பார்ப்பவர் அவர்தான். பழைய சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார். திருப்பி வைத்தார். கீழே இறக்கிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"சேராதுங்ணா."

"நாலு ஓட்டைதானே வஹீது?"

"எண்ணிக்கையப் பாத்தாப் பத்தாதுங்க. எதிரெதிர் ஓட்டைக்கு நடுவால எத்தனை தூரம்னு பாக்கோணும். உங்க வண்டிக்கு நூத்திப்பதினாலு மில்லி. இது நூறுதான்."

நானே வெர்னியர் வைத்து அளந்தேன். அவர் சொன்னதுதான் சரி. மச்சான் மேல் கோபம் வந்தது, கடைக்காரன் மேல் வந்தது, என் மேல் எல்லாரையும்விட அதிகமாக வந்தது.

"புதுசா ஓட்டை போட்டுப்போடலாமா? லேத்து நம்மளுதுதானே."

"பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒண்ணா ஒட்டிக்குமுங்க. அப்பறம் வால்பாறை இறக்கத்துல சக்கரம் ஒரு கொண்டை ஊசியில, நீங்க ஒரு கொண்டை ஊசியில."

"நடுவால ஒரு பிளேட்டு வெச்சா?"

"வீலு வெளிய தள்ளிட்டு நிக்கும், மட்கார்டுல ஒரசும், பேரிங்கு போயிரும். கடையில குடுத்து மாத்திக்கிறதை விட்டுப்போட்டு ஏனுங்ணா இந்தப் பாடு?"

வஹீதுக்கு என் மச்சானைத் தெரியாது. சந்தனம் வைத்துத் தந்த சீரைக் கடையில் மாற்றுவது அவரைப் பொறுத்தவரை முகத்தில் அடிப்பது மாதிரி. ஒருமுறை அவர் தந்த பிரிட்ஜ் சமையலறைக்குள் நுழையவில்லை என்று மாற்றினோம். நாலு வருஷம் பேசவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கலாமணி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவரோ, ஞாயிற்றுக்கிழமை வந்து காரைக் கண்குளிரப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உங்கண்ணன்கிட்ட நீயே சொல்லு," என்றேன்.

"உங்க மச்சான்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள்.

இதே பேச்சு சனிக்கிழமை வரை ஓடியது. ஞாயிறு காலையில் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. பிரமாதம் என்று நான்தான் சொல்கிறேன். பழைய சக்கரங்களைக் கழற்றி, வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி, புதுச் சக்கரங்கள் நாலையும் அதனதன் இடத்தில் சாய்த்து நிறுத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஷோரூமிலிருந்து வந்த வண்டி.

மச்சான் தன் கோழிப்பண்ணை வேனில் வந்து இறங்கினார். காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். "எப்படி, அளவெடுத்தாப்பல இல்லீங்களா மாப்ள?" என்றார். "அச்சு அசலுங்க" என்றேன். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க எல்லா மனிதரும் செய்வதை அவரும் செய்தார். முன் டயரில் ஓர் உதை விட்டார்.

சக்கரம் மெதுவாகச் சாய்ந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தது. கார் அசையாமல் கல்லின் மேல் நின்றது.

பஞ்சர் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"அண்ணா, நீங்க வாங்கியாந்தது சேரலைங்க," என்றாள் கலாமணி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். இன்னும் நாலு வருஷம் போச்சு என்று நினைத்தேன்.

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன அம்மணி?"

"சொன்னா நீங்க பேசமாட்டீங்களே."

"பேசாம இருந்தப்ப எனக்கு மட்டும் சோறு எறங்குச்சா?" என்றார் மச்சான். பிறகு குனிந்து கீழே கிடந்த சக்கரத்தை நிமிர்த்தி வேனை நோக்கி உருட்டினார். "அழுவாத கண்ணு. வண்டியில ஏறு, கடைக்குப் போலாம். நீயே பாத்து எடு."

ஐந்து சக்கரங்களும் தங்கையும் வேனில் ஏறியாயிற்று. என்னை யாரும் கூப்பிடவில்லை. கல்லின் மேல் நின்ற காருக்குக் காவலாக நான் இருந்தேன்.

மத்தியானம் மச்சானிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, ஓட்டைக்கு ஓட்டை நூத்திப்பதினாலு, நடு ஓட்டை, வீலு எத்தனை உள்ளார நிக்கோணும், எல்லாம் வஹீதுகிட்டக் கேட்டு அளந்துபோட்டோம். கச்சிதமுங்க. கலரு மட்டும் அம்மணி எடுத்துது. போட்டோ அனுப்பியிருக்கறேன், பாருங்க. இனிமே நம்முளுக்குள்ள ஆரும் எதையும் மறைக்கக் கூடாது. புடிக்குதா, இல்லையா? நெசத்தைச் சொல்லிப்போடுங்க."

போட்டோவைத் திறந்தேன். ஐந்தும் கிளிப்பச்சை. என் அரக்குச் சிவப்புக் காரைத் திரும்பிப் பார்த்தேன். வேண்டாமுங்க என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

போனுக்குள் கலாமணி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன அம்மணி என்று மச்சான் கேட்க, சொல்ல முடியாமல் மறுபடியும் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மச்சான்," என்றேன்.