முழங்காலுக்குக் கீழே ஒரு முடிச்சு

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. என் இடது காலைக் காட்டப் போயிருந்தேன். எனக்கு முன்னால் போன பெண்ணின் காலில் இருந்த பேண்டேஜ் கட்டை நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டவேண்டியிருந்தது. அப்படி ஒரு முடிச்சு. நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. உட்கார்ந்து எழுதினால் கால் கடுக்கிறது, நின்றால் அதைவிட. பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘காஞ்சியின் கோபுரங்கள்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது…’ (விட்டுவிட்டேன். கோபுரம் எத்தனை காலம் நின்றாலும் அதற்குக் கால் வீங்காது.)

இரண்டாவது: ‘ஏலவார்குழலியின் கெண்டைக்காலில் நீலப் பட்டு நூலைப்போல…’ (இதையும். அவளே படித்தால் சிரிப்பாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். குழலிக்கு நாற்பத்தாறு வயது. பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவைப் பகுதியில் வேலை. பெண்வீட்டார் கீழே விரிப்பில் சாய்ந்துகொண்டு இன்னொன்று, இன்னொன்று என்பார்கள். அவள் நின்றபடி ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் காட்டுவாள். பொழுது சாய்ந்தால் கால் கனக்கும். படுத்தால் கெண்டை இழுக்கும். நரம்பு புடைத்து முறுக்கிக்கொண்டது. கணுக்கால் அரித்துக் கறுத்தது. சொறிந்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றது.

3

நரம்புச் சுருட்டல் என்றார் டாக்டர். மேலே ஏறவேண்டிய ரத்தம் ஏறாமல் காலிலேயே தேங்குகிறதாம். நெடுநேரம் நிற்காதே, படுக்கும்போது காலை உயர்த்தி வை, காலையில் தரையில் கால் வைக்குமுன் பேண்டேஜ் சுற்று. அப்படியும் ஆறாவிட்டால் லேசர்.

குனிய முடியாததால் சுற்றுகிற வேலை புருஷன் வீரபாகுவுக்கு வந்தது. அவர் நெசவாளி. பேண்டேஜோடு வந்த கிளிப்பை ஓரமாகப் போட்டார். முனையை இரண்டாகப் பிளந்து, தறியில் அறுந்த பாவு இழையை முடிகிற மாதிரி, முழங்காலுக்குக் கீழே இறுக்கி முடிந்தார்.

“நான் போட்ட முடிச்சு என்னிக்கினா அவுந்துக்கினு வந்துகீதா?” என்றார். அவள் இல்லை என்றாள்.

(அடிக்குறிப்பாகப் போகவேண்டியது: இந்த ஆளை முதலில் முரடனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. போன மாதம் இவர் நெய்த புடவையைக் கரை கோணல் என்று திருப்பிக் கொடுத்தது அவள் வேலைசெய்கிற கடை. பக்கத்தில் நின்ற குழலி அவருக்காகப் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் தறிக்குழியில் இறங்கவில்லை. இப்போது அவர் கை செய்கிற ஒரே வேலை இந்தக் கட்டுதான்.)

4

முடிச்சை வெட்டிய நர்ஸ் எஸ்தர் யார் கட்டியது என்று கேட்டாள். நானேதான் என்று பொய் சொன்னாள் குழலி.

“கணுக்கால்ல இறுக்கம், மேல போவப் போவத் தளர்வா சுத்தணும்மா. நீ மேல முடிச்சு போட்டு ரத்தத்த அங்கியே கட்டி வெச்சுக்கினு இருக்கிற. இப்பிடியே இருந்தா புண்ணு ஆறவே ஆறாது.”

ஐயம்பேட்டை வீட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் அவளுக்குத் தன் காலைவிட அவர் கையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. கடை ஒருமுறை தப்பு சொல்லிவிட்டது. இப்போது அவளும் சொல்லவேண்டும்.

5

முடிவு ஒன்று: சொல்கிறாள், அவர் தலையாட்டுகிறார், புண் ஆறுகிறது. (ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டலாம்.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை, புண் ஆழமாகிறது, லேசர்வரை போகிறது, அப்போது அவருக்குத் தானாகவே தெரிந்து… (வேண்டாம். இதை அவருக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: ‘குழலி ஒருநாள் பெண்வீட்டார் நடுவிலேயே உட்கார்ந்து…’ (இதை எழுத எனக்குத் தெம்பில்லை.)

ஆகவே விடிகாலையில் நிறுத்துகிறேன். குழலி கட்டிலில் கால் நீட்டியிருக்கிறாள். வீரபாகு அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாதத்திலிருந்து சுற்றி முழங்கால்வரை வந்துவிட்டார்.

“சரியா இருக்குதா? இல்லனா சொல்லு” என்கிறார்.

அவளுக்காக நான் எழுதிப் பார்த்த பதில் எல்லாமே பொய்யாகத்தான் வருகிறது. நீங்களும் வீட்டில் யாருக்காவது கால் பிடித்துவிட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள். முனை இரண்டும் அவர் கையில் இருக்கின்றன; இன்னும் இறுக்கவில்லை.